மலைநாட்டுச் சைக்கிள் பயணங்களுக்குப் போகலாம், ஏற்பாட்டை விசாரித்துவிட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைநாட்டில் நடக்கும் கூட்டுச் சைக்கிள் பயணங்களுக்கு மட்டக்களப்புப் பொடியன்கள் கட்டணம் கட்டிப் போவது வீண்செலவு என்று உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மலை எதற்கு, வீதி எல்லோருக்கும் பொது, அதில் ஓடுவதற்கு ஏன் காசு என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதுதான், பதிலைத்தான் அவசரப்பட்டு எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் கல்லடியில் இருக்கிறேன். வேலைக்கும் கடைக்கும் சைக்கிள்தான், வசதிப்பட்டபோதெல்லாம் இப்படியான பயணங்களிலும் சேர்ந்து போய் வந்திருக்கிறேன். போகலாம், போகத்தான் வேண்டும், ஆனால் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நன்றாக விசாரித்த பிறகுதான் காசைக் கட்ட வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான். அதைத் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் மட்டும் சமதரை. அதற்காக எங்களுக்குக் கஷ்டமே தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது பதுளை வீதியில் கரடியனாற்றுப் பக்கம் மேற்கு நோக்கி ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சமதரையிலும் சைக்கிள் நகராது, வாய் காய்ந்துபோகும், கண் எரியும். அந்தக் கச்சானும் மலையிலிருந்து வருவதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி எங்களிடம் வந்து சேருகிறது.

ஆனால் காற்றை எதிர்த்து ஓடுவதற்கும் மலையில் ஏறுவதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அந்த வாசகர் கவனிக்காமல் விட்டது அதைத்தான். காற்றைப் பங்குபோடலாம். முன்னால் போகிறவரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சம், களைத்தவரை நடுவில் விட்டு மற்றவர்கள் மாறி மாறி முன்னுக்குப் போய் எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். மலையில் அது நடக்காது. நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் வீதியில் ஆளும் சைக்கிளுமாக எண்பது கிலோவை மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோனால், நாம் போடும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பாரத்தைத் தூக்குவதற்கே போய்விடுகிறது. காற்றுக்கு எதிராகப் போவது மிகக் கொஞ்சம். ஆகவே ஆருக்குப் பின்னால் போனாலும் பெரிய இலாபம் இல்லை. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் வீதியை எடுங்கள், இருபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, உயரம் ஏறக்குறைய எண்ணூறு மீற்றர் கூடுகிறது, அடியில் சும்மா போய்க்கொண்டிருந்துவிட்டு இராவணா எல்ல நீர்வீழ்ச்சிப் பக்கம் வரும்போதுதான் வீதி உண்மையில் நிமிர்கிறது. அந்த இடத்துக்கு வருவதற்குள் ஒன்றாகப் புறப்பட்ட கூட்டம் கிலோமீற்றர் கணக்கில் சிதறிவிடும். பெயர் கூட்டுப் பயணம், ஏற்றத்தில் ஒவ்வொருவரும் தனி.

மலைப் பயணத்தின் பெறுமதியும் ஆபத்தும் இரண்டும் இந்தத் தனிமையில்தான் இருக்கின்றன. கூட்டம் தானாகவே பிரியும் இடத்தில் அதை யாராவது வெளியிலிருந்து பிடித்து வைத்திருக்க வேண்டும், ஏற்பாட்டுக்காரரின் வேலை அதுதான், நாங்கள் கட்டும் காசும் அதற்குத்தான்.

முதலில் பெறுமதியைச் சொல்கிறேன். சமதரையில் மட்டும் ஓடிப் பழகிய பிள்ளைக்குத் தன் அளவு தெரியாது. பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து, சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிளோட்டப் போட்டியில் ஓடுகிற மாதிரி முதல் வளைவிலேயே எழும்பி மிதிப்பான், மூன்றாவது வளைவில் கரையில் உட்கார்ந்திருப்பான். மலை ஒரே நாளில் அவனுக்கு நிதானத்தைப் பழக்கிவிடும். மூச்சு முட்டாமல் ஒரு வசனம் பேச முடிகிற வேகம் எதுவோ அதுதான் அவனுடைய வேகம், அதை விட்டு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. எவ்வளவு இடைவெளியில் தண்ணீர் குடிக்க வேண்டும், பசி வருவதற்கு முதலே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட வேண்டும், இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. வந்த பிறகு அதே பிள்ளை கச்சானுக்கு எதிராக ஓடுவதைப் பாருங்கள், முன்பு மாதிரி ஆவேசப்பட மாட்டான்.

விலை கூடிய றேஸ் சைக்கிள் இல்லாமல் மலையேற முடியாது என்று பலர் நினைப்பதால்தான் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இதில் ஒதுங்கி நிற்கிறார்கள். அது சரியில்லை. எண்பது கிலோவில் இரண்டு கிலோவைக் குறைக்கப் பெருந்தொகை செலவழித்தாலும் ஒரு மணித்தியால ஏற்றத்தில் மிச்சமாவது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. தேவையானது சின்னக் கியர். எங்கள் வீடுகளில் இருக்கும் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்து மீற்றருக்கு மேல் போகும், சமதரைக்கு அது அருமை, மலைக்கு அது முழங்காலைக் கெடுக்கும். முன்பக்கம் 34 பல்லும் பின்பக்கப் பெரிய பல்லுச் சில்லு 34 பல்லும் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர் சொச்சம்தான் நகரும், நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர், அவசரமே இல்லாமல் மேலே போய்ச் சேரலாம். அப்படிப்பட்ட றேஸ் சைக்கிள் இல்லாதவர்களுக்கு முன்பக்கம் மூன்று பல்லுச் சில்லுகள் உள்ள பழைய மவுண்டன் பைக் போதும், கொஞ்சம் பாரம்தான், ஆனால் ஏறும்.

இன்னொரு பெறுமதியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. பசறைப் பக்கம் ஒரு ஏற்றத்தில் நானும் இன்னொரு தங்கச்சியும் கூட்டத்துக்கு நல்லாகப் பின்னுக்கு வந்துகொண்டிருந்தோம். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று அம்மாமார் கொழுந்துச் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். "எங்கயிருந்தும்மா வர்றீங்க?" என்று கேட்டார்கள், மட்டக்களப்பு என்றதும் அவர்களில் ஒருவருக்கு நம்பவே முடியவில்லை, "மட்டக்களப்புலயிருந்து சைக்கிள்லயேவா?" என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை அம்மா, பிபிலை மட்டும் வானில் வந்தோம் என்று சொன்னேன். பிறகு பக்கத்து லயத்து வீட்டிலிருந்து பிளேன்டீ வந்தது, கையில் கடித்துக் குடிக்க ஒரு துண்டுச் சர்க்கரைக்கட்டியும். குடித்து முடிக்கும் வரை எங்கள் சைக்கிள்களை அவர்களே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே மொழி பேசுகிற இரண்டு ஊர்க்காரர் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போவதைத் தவிர எத்தனை தடவை இப்படி நின்று பேசியிருப்போம்? மலையகத்து மக்களுடைய வீதி அது, அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் அந்த ஊர் தெரியும்.

சரி, இனி ஆபத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள், ஏற்றத்தில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது, முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாதது இறக்கம். வாழ்க்கையில் ஒரு தரம்கூட இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிறேக் பிடித்திராத பிள்ளைகள் அவர்கள், அது அவர்களுடைய பிழை அல்ல, ஊர் அப்படி. எண்பது கிலோ எண்ணூறு மீற்றர் இறங்கும்போது வெளிவருகிற சக்தி இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், மிச்சம் முழுதும் பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். பயத்தில் பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், கட்டை வழுக்கும். வளைவுக்கு முன்னரே நேர்வீதியில் இரண்டு பிறேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிறேக்கை விட்டுவிட்டு, கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கக் கிறுக வேண்டும். இதை ஆரோ ஒருவர் முதலே செய்துகாட்ட வேண்டும், மலை உச்சியில் வைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை.

நான் போன நல்ல பயணம் ஒன்றில் ஏற்றம் முடியும் இடத்தில் மூத்தவர் ஒருவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். வந்து சேருகிற ஒவ்வொரு சைக்கிளையும் அவர் தூக்கி, சில்லைச் சுழற்றி, பிறேக்கைப் பிடித்துப் பார்த்து, கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நகத்தால் தொட்டுப் பார்த்த பிறகுதான் இறங்க விட்டார். எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனின் முன் பிறேக் கட்டையில் றப்பர் கிட்டத்தட்ட முடிந்து இரும்பு தெரியத் தொடங்கியிருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, "அண்ணே, இவ்வளவு தூரம் ஏறிட்டன், இறங்க மட்டும் விடுங்களே" என்று கெஞ்சினான். "ஏறினது உன்ட கால் தம்பி, இறக்கிறது இந்தக் கட்டைதான், அது முடிஞ்சு போச்சு" என்று சொல்லி அவர் சைக்கிளை வானில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து புதுக் கட்டை எடுத்து மாட்டியும் கொடுத்தார், ஆனால் இறக்கத்தின் செங்குத்தான பகுதி முடியும் வரை அவனை இறங்க விடவில்லை. அங்கேயே குளிரில் வியர்வையோடு நின்றவர்களுக்குப் பழைய பத்திரிகைத் தாள்களைக் கொடுத்து, மேற்சட்டைக்குள் நெஞ்சோடு மடித்து வைக்கச் சொன்னார்கள். உலகம் முழுதும் சைக்கிள்காரர்கள் இறக்கத்தில் செய்கிற வேலைதான் அது, நனைந்த சட்டையில் காற்று அடிக்காமல் இருக்க அதைவிட மலிவான வழி இல்லை. நான் கட்டிய காசுக்கு இவைதான் பெறுமதி, கழுத்தில் போட்ட பதக்கம் அல்ல.

மற்ற மாதிரியான பயணமும் இருக்கிறது. ஒன்றில் கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டிய வான் படம் எடுப்பதற்காக முதல் ஆட்களோடு போய்விட்டது. பின்னால் வந்தவர்களுக்கு வழியிலும் தண்ணீர் இல்லை, மேலேயும் முடிந்துவிட்டது. பெண்கள் ஒதுங்குவதற்கு ஓர் இடம் எங்கே என்று கேட்டபோது, ஏற்பாட்டில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆசிரியர் அவர்களே, இதைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சைக்கிள் ஓட ஆசைப்படும் பெண் பிள்ளைகளை வீட்டில் மறிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருக்கிறது. ஐந்தாறு மணித்தியாலப் பயணத்தில் கழிவறைக்கு ஒரு பாடசாலையையோ கோயிலையோ முன்கூட்டியே கேட்டு வைப்பது பெரிய செலவு இல்லை.

வீதியையும் யோசிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டின் பெரிய சைக்கிளோட்டத்தில் 1910ஆம் ஆண்டு முதன்முதலாகப் பிரெனே மலைகளைச் சேர்த்தபோது, அந்த வருடம் வென்ற ஒக்தாவ் லாபீஸ் என்பவரே ஏற்றத்தின் நடுவில் ஏற்பாட்டுக்காரர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று சத்தம் போட்டாராம். இன்று அந்த ஓட்டத்தின் மலைப் பாதைகளில் ஒன்றில் சாதாரண ஆட்களுக்காக 1993 முதல் ஒரு பயணம் நடக்கிறது, அன்றைக்கு வீதியை முழுதாக மூடிவிடுகிறார்கள். நீலகிரியிலும் 2008இலிருந்து ஆட்கள் கூடி ஏறுகிறார்கள், மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்ஹட்டிப் பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள். எங்கள் நாட்டில் வீதியை மூடுவது இலேசில் நடக்காது, பஸ்ஸும் லொறியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வளைவில் பஸ் முழு வீதியையும் எடுத்துத்தான் கிறுகும், அதன் நீளம் அப்படி. 2025இல் மட்டும் மே மாதம் கொத்மலையில் இருபதுக்கு மேற்பட்டவர்களும், செப்டெம்பரில் அதே எல்ல வெல்லவாய வீதியில் 15 பேரும் பஸ் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டு வீதிகளை எத்தனை இடத்தில் சரித்துக்கொண்டு போனது என்று எல்லோரும் பார்த்தோம். ஆகவே ஏற்பாட்டுக்காரர் போன வருடத்துப் பாதையையே அப்படியே அறிவித்தால் நம்ப வேண்டாம். பயணத்துக்கு முந்திய நாட்களில் ஒருவர் அந்த வீதியில் போய்ப் பார்த்தாரா, பார்வை மறையும் வளைவுகளில் கொடியோடு ஆள் நிற்பாரா, பொலிசுக்குச் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், ஆனால் தொலைபேசிச் சிக்னல் கிடைக்காத வளைவுகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன, அங்கே விழுந்தவரைப் பின்னால் வரும் வான்தான் முதலில் காணும்.

நேர எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட தூரப் பயணம் ஓடுகிறவர்களிடம் உலகம் முழுதும் ஒரு முறை இருக்கிறது. 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம், 300க்கு இருபது. அதற்குள் வந்துவிட்டால் எல்லோரும் சமம், முதலாமவர் இரண்டாமவர் என்று இடம் போடுவதில்லை. மலைப் பயணங்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். போட்டி வேண்டியவர்களுக்குத் தனியாகப் போட்டி வைக்கட்டும். இடம் போடத் தொடங்கினால் பொடியன்கள் இறக்கத்தில்தான் நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இங்கே இருக்கும் கழகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். முதல் மலையை நுவரெலியாவில் தேட வேண்டாம், 1868 மீற்றர் உயரத்துக்குப் பிறகு ஒரு நாள் போகலாம். செங்கலடியில் கறுத்தப்பாலம் தாண்டிப் போகும் எங்கள் பதுளை வீதிதான் மகாஓயா, பதியத்தலாவ, பிபிலை, லுணுகலை, பசறை என்று மலைக்கு ஏறுகிறது. பிபிலை வரை வானில் போய் அங்கே ஆளுக்கு ஒரு தோடம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு லுணுகலை மட்டும் ஏறி, அதே வழியால் இறங்கிப் பழகினால் முதல் தடவைக்கு அது தாராளம். சைக்கிளிலேயே செங்கலடியிலிருந்து போகிறோம் என்று யாராவது புறப்பட்டால், புல்லுமலைப் பக்கம் யானை வீதிக்கு வரும் நேரம் விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும்தான் என்பதை மறக்க வேண்டாம், நல்லாக வெளிச்சம் வந்த பிறகு அந்த இடத்தைக் கடக்கிற மாதிரிப் புறப்படுங்கள். அம்பாறைக்காரருக்கு மொனராகலைப் பக்கம் கிட்ட. ஹசலக்கவிலிருந்து கண்டிப் பக்கம் ஏறும் பதினெட்டு வளைவு எல்லோருக்கும் ஆசைதான், இறக்கம் பழகிய பிறகு அதற்குப் போகட்டும். மாரி மழை தொடங்கினால், ஐப்பசியிலிருந்து தை வரை, ஊவாப் பக்கம் போகவே வேண்டாம், இங்கே வெள்ளம் நிற்கும் காலத்தில்தான் அங்கே மண் சரிகிறது.

கடைசியாக உங்கள் பத்திரிகையிடமும் ஒரு கோரிக்கை. இந்தப் பயணங்களின் அறிவித்தல் உங்களுக்கு வரும்போது தூரமும் கட்டணமும் ரீசேட்டும் மட்டும்தான் அதில் இருக்கும். மொத்தம் எத்தனை மீற்றர் ஏற்றம், ஆக நீண்ட ஏற்றம் எத்தனை கிலோமீற்றர், ஆகச் செங்குத்தான இடம் எங்கே, நேர எல்லை என்ன, கடைசி ஆளுக்குப் பின்னால் வாகனம் வருமா, பெண்களுக்குக் கழிவறை எங்கே என்று திருப்பிக் கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்தே போடுங்கள். பதில் தராதவர்களுடைய அறிவித்தலில் அந்த இடங்களை வெறுமையாக விட்டே அச்சிடுங்கள். வீட்டில் பிள்ளைக்குக் காசு கொடுக்கிற அப்பாவும் அம்மாவும் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு வாசகி